இணையச் சேவையில் வடிகட்டுதல்: கடமையும் வரம்பும்

2003-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, ஆறு மாதங்களுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்த ஒரு குறையைப் பற்றிக்கொண்டு, 376 பைட்டுகளே கொண்ட ஸ்லாம்மர் என்னும் நச்சு நிரல் பத்தே நிமிஷங்களில் உலகெங்கும் பரவியபொழுது, அதன் வேகத்தை அடக்கியவர்கள் திருத்தத்தைப் பொருத்தாமல் விட்டிருந்த உரிமையாளர்கள் அல்லர். 1434 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட இணைப்பு வாயிலை, தங்கள் வலைப்பின்னலிலேயே மூடிவிட்ட இணையச் சேவை நிறுவனங்களே. அவ்வாண்டு ஆகஸ்டில் பிளாஸ்டர் தோன்றியதும் 135-ஆம் போர்ட்டும் பல இடங்களில் மூடப்பட்டது. ஆபத்துக் காலத்தில் நியாயமாயிருந்த காரியம், வீட்டு பிராட்பேண்டின் நிரந்தர வழக்கமாவதும் நியாயமாகுமா என்பதே ஆராயத்தக்க விஷயம்.

இவ்வழக்கத்துக்குப் பெரும்பலம், தீங்கு செய்யும் யந்திரம் ஓரிடத்திலும் அதை அனுபவிப்பவர் வேறோரிடத்திலும் இருப்பதால் உண்டாகிறது. 2016-இல் மிராய் என்னும் நிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே பொருத்தப்பட்டிருந்த காமிராக்களைப் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அக்டோபர் 21-ஆம் தேதி அவை, தளங்களின் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் நிறுவனத்தின்மீது ஏவப்பட்டு, ட்விட்டர் முதலிய தளங்கள் பலருக்கு எட்டாமற்போன வேளையிலும், காமிராவின் சொந்தக்காரர் தம் வீட்டில் யாதொரு குறையையும் காணவில்லை. குறையை உணராதவரிடம் பரிகாரத்தை எதிர்பார்ப்பது வீண்; ஆகவே தடுக்கும் பொறுப்பு சேவை நிறுவனத்தையே சேர்கிறது. போலி முகவரிகளைத் தடுக்க 2000-ஆம் ஆண்டில் வலைப்பின்னல் வல்லுநர்களான ஃபெர்குசனும் சீனியும் வகுத்துத் தந்த முறையோ, சந்தாதாரர் அனுப்பும் பாக்கெட்டிலுள்ள முகவரி மெய்யாகவே அவருக்கு அளிக்கப்பட்டதுதானா என்று மட்டும் பார்க்கிறது, உள்ளடக்கத்தைத் தீண்டுவதில்லை. ஜப்பானிய நிறுவனங்கள் குப்பை அஞ்சலை ஒழிக்க 25-ஆம் போர்ட்டை அடைத்தபொழுதும், நேர்மையான அஞ்சலுக்கு 587-ஆம் போர்ட் வழிவிட்டது. மாற்றுவழி வைத்துத் தடுப்பதில் சுதந்திரத்துக்குப் பங்கமில்லை.

ஆயினும் இதே அதிகாரம் எளிதில் திசைமாறும். 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், நெரிசலைக் குறைப்பதென்னும் காரணத்தால், பிட்டொரண்ட் வழியே கோப்புகளைப் பகிர்ந்தவர்களின் இணைப்பினிடையே புகுந்து, மறுமுனையே தொடர்பைத் துண்டித்தது போன்ற போலிப் பாக்கெட்டுகளை அனுப்பிற்று. அதைச் சந்தாதாரருக்கு அறிவிக்கவுமில்லை. அடுத்த ஆண்டு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இதைக் கண்டித்து ஆணையிட்டும், அவ்வாணையை 2010-இல் நீதிமன்றம் அதிகாரவரம்பின் பேரில் தள்ளிற்று. வேண்டாத போக்குவரத்து எது என்று தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்திடமே முழுதும் விடப்படுமானால், அதன் லாபத்துக்கு இடையூறானவை யாவும் அப்பெயரைப் பெற்றுவிடும் என்பதற்கு இது சான்று. மேலும், ஒரு போர்ட்டை மூடினால் நச்சு நிரல்கள், வலைத்தளங்களுக்கு வழியாதலால் எவரும் மூடமுடியாத 443-ஆம் போர்ட்டை நாடுகின்றன. வீட்டில் சொந்த சர்வர் நடத்தும் மாணவனோ, காரணந்தெரியாமல் பல நாள் தவிக்கிறான். முனையிலுள்ளோரின் நோக்கத்தை அறியாமல் நடுவிலுள்ள வலைப்பின்னல் ஒரு பணியைப் பூரணமாகச் செய்ய இயலாதென்று கணினி அறிஞர்களான சால்ட்ஸர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984-இல் வாதித்தது, இங்கே முற்றிலும் பொருந்துகிறது.

ஆதலால் தீர்ப்பு, போக்குவரத்தின் திசையைப் பொறுத்தது. சந்தாதாரரின் இல்லத்திலிருந்து புறப்பட்டுப் பிறரைத் தாக்குவதை, குறிப்பாகப் போலி முகவரி தாங்கியதை, நிறுத்துவது நிறுவனத்தின் கடமை. அதற்கு எவர் சம்மதமும் வேண்டுவதில்லை. சந்தாதாரரை நோக்கி உள்ளே வருவதைத் தடுப்பதோ ஓர் உபகாரமே; அனுபவமில்லாதவருக்கு அது ஆரம்பத்திலேயே இயங்கட்டும், விரும்பாதவர் நீக்கிக்கொள்ள வழியும் இருக்கட்டும். இந்தியாவில் 2018-இல் ஏற்கப்பட்ட இணையச் சமநிலைக் கொள்கை, போக்குவரத்தை நிர்வகிக்கும் நடவடிக்கை அளவுக்குட்பட்டதாகவும், தற்காலிகமானதாகவும், வெளிப்படையானதாகவும் இருத்தல் வேண்டுமென விதிக்கிறது. இம்மூன்றில் வெளிப்படைத்தன்மையே உயிர்நாடி. ஏனெனில், தடுக்கப்பட்டது இன்னதென்று அறியாத சந்தாதாரர், அத்தடை அளவு மீறியதா, காலங்கடந்ததா என்று கேட்கவே இயலாது. எந்தெந்தப் போர்ட்டுகள், எந்நாள் முதல், எக்காரணத்தால் மூடப்பட்டுள்ளன என்ற பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் சந்தா ஒப்பந்தத்தோடு சேர்த்தே அளிக்குமாறு சட்டம் நிர்ப்பந்திக்க வேண்டும்.