ஐயாயிரத்துக்கு ஒன்று

2016 மே மாதம் லெஸ்டர் சிட்டி பிரிமியர் லீக்கை வென்ற மறுநாள், மாமாக் கடையில் பக்கத்து மேசை அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்து வெள்ளி வச்சிருந்தா அம்பதாயிரம் தம்பி. விட்டுட்டோமே!"

பருவம் தொடங்கியபோது பிரிட்டன் பந்தய நிறுவனங்கள் லெஸ்டருக்குக் கொடுத்த விகிதம் 5000-க்கு 1. அதை எல்லாரும் 'சாத்தியத்தின் அளவு' என்று வாசித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிமியர் லீக் தொடங்கி அதுவரை முடிந்தது 23 பருவங்கள்தான். அவற்றில் கோப்பை வென்றவை ஐந்தே அணிகள். இதை வைத்து ஐயாயிரத்தில் ஒன்று என்று எவரும் கணக்கிட முடியாது. அது கணிப்பு இல்லை, அலட்சியம். 'இதை யார் வாங்கப்போறா?' என்று கடைக்காரர் மூலையில் வைத்த சாமானின் விலை.

அந்த வெற்றியைப் பற்றி வந்த எழுத்துகளில் பெரும்பாலானவை தேவதைக் கதைகள். எளியவன் வென்றான், நம்பிக்கை வென்றது. அந்த எளிய அணியின் உரிமையாளர் தாய்லாந்தின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் என்பதைக் கதை மெதுவாகத் தாண்டிப்போகும். கோப்பை வாங்கித் தந்த பயிற்றுநர் ரனியேரியை, ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பியது பின்குறிப்பாகக்கூட வராது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொருவர். லெஸ்டருக்கு 50 பவுண்டு கட்டிய ஒரு ரசிகர், பருவம் முடியும் முன்பே தன் சீட்டை 72,000 பவுண்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காத்திருந்தால் இரண்டரை லட்சம். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தன் அணி முதலிடத்தில் இருக்கும்போதும் அது தோற்றுவிடும் என்று அவர் பயந்தார். காலமெல்லாம் தோற்றவர்களை நேசித்தவனுக்குத்தான் அந்தப் பயம் வரும்.

நம் சினிமாவிலும் சிறுகதையிலும் இந்த மனிதர் இல்லை. அங்கே அடிபட்டவன் கடைசியில் எழுவான் என்று டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். தோட்டத்துப் பையன் கடைசிப் பத்தியில் பட்டம் வாங்கிவிடுவான். எந்த புக்கியும் அவனுக்கு இரண்டுக்கு ஒன்றுகூடத் தரமாட்டான். எளியவன் வேடம் போட்டிருந்தாலும் கதைக்குள் அவன்தான் பெரிய டீம். வெல்வது உறுதியானவனுக்குக் கைதட்டிவிட்டு, நாம் எளியவர் பக்கம் நின்றதாக நம்பிக்கொள்கிறோம். தோற்கும் சாத்தியம் உண்மையிலேயே இல்லாத இடத்தில் வெற்றிக்கு என்ன பொருள்? பாதியில் சீட்டை விற்றவனின் நடுக்கத்தை எழுதாதவரை நம் வெற்றிக் கதைகள் எனக்கு விளம்பரங்களாகவே தெரியும்.

அடுத்த பருவம் தொடங்கியபோது அந்த அண்ணனிடம் எந்த டீம் என்று கேட்டேன்.

"பெரிய டீம்தான் தம்பி. பின்ன?"