'கர்வ் பண்ணிடுங்க' என்கிற யோசனை

தமிழ்ப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கிற யாருக்கும் இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கும்: "ஃபான்ட் பிரச்சனை வரும் சார், எல்லாத்தையும் கர்வ் பண்ணி அனுப்பிடுங்க." எழுத்தை எழுத்தாக விடாமல் வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவதுதான் கர்வ். அதற்கப்புறம் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகைக்கும் ஃப்ளெக்ஸ் பேனருக்கும் இது நல்ல யோசனை. கல்வெட்டுப் புத்தகத்துக்கு ஆகாது என்பது என் கட்சி.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது பெருமுக்கல். மலைமேல் சிவன் கோயில், அதில் சோழர் காலக் கல்வெட்டுகள். (ஆங்கிலேயர் ஆவணங்களில் இந்த ஊர் 'பெர்மாகோயில்'. ஒரு பெயர் வேறு எழுத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக உதாரணம் தேட வேண்டாம்.) இந்தக் கல்வெட்டுகளைப் பற்றிய என் குறிப்புகளைச் சிறு நூலாக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த யோசனையைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை.

கல்வெட்டுப் பாடத்தில் இன்றைய தமிழ் எழுத்து மட்டும் வருவதில்லை. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கமே கிரந்தத்தில் இருக்கும். எது கிரந்தம், எது தமிழ் என்பதைப் பதிப்பில் காட்டியாக வேண்டும். நிலக் கணக்கு வந்தால் பின்னக் குறிகள் வரும்: மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எழுத்துரு மாறி மாவின் இடத்தில் காணி விழுந்தால் நிலம் கால் பங்காகிவிடும். இதை வெறும் எழுத்துப்பிழை என்று எப்படி விட்டுவிடுவது?

அச்சகத்தாரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபோது, அது வேலை செய்யாத மென்பொருள்களுக்கென்று டேஸ்-16 என்ற மாற்றையும் சேர்த்தே அறிவித்தது. அச்சு மென்பொருள்கள் தமிழுக்கு அவ்வளவு தாமதமாக வழிவிட்டன. இத்தனை குழப்பத்தில் வேலை பார்த்தவர் கர்வைக் கட்டிப்பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் காரணம் போன பிறகும் பழக்கம் போகவில்லை. பிடிஎஃப் கோப்பு எழுத்துருவைத் தனக்குள்ளேயே பொதித்து எடுத்துப்போகும். அச்சுக்கென்று 2001இல் வகுத்த பிடிஎஃப் எக்ஸ்-1ஏ தரம் எல்லா எழுத்துருவும் பொதிந்திருக்க வேண்டும் என்றே கேட்கிறது. கிரந்தத்துக்கு 2014இல் ஒருங்குறியில் இடம் கிடைத்தது. பின்னக் குறிகளுக்கு 2019இல் கிடைத்தது. நோட்டோ வரிசையில் இரண்டுக்கும் எழுத்துரு இலவசமாகவே இருக்கிறது, பொதிப்பதற்கு உரிமத் தடையும் இல்லை. விலைக்கு வாங்கும் எழுத்துருக்களில் சில பொதிக்க விடாது, அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்வ் பண்ணினால் என்னென்ன போகும்? மெய்ப்பில் கண்ட பிழையை அந்தக் கோப்பில் திருத்த முடியாது. அடிக்குறிப்பு அளவிலுள்ள சின்ன எழுத்து சில சமயம் தடித்துத் தெரியும். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தேடலும் போய்விடுகிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பழைய குறியாக்கத்திலிருந்து ஒருங்குறிக்கு வர முடிந்தது, அவை எழுத்தாகவே இருந்ததால். கர்வ் கோப்பு மட்டும் மிஞ்சிய புத்தகத்துக்கு அந்த வழி கிடையாது. மறுபடி தட்டச்சு செய்யணும், இல்லை ஸ்கேன் பண்ணி எழுத்துணரியிடம் கொடுக்கணும். பின்னக் குறிகளை அது என்னவாகப் படிக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

எழுத்துருவைப் பொதித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பு முன்னே போய் உட்கார்ந்துகொள்வதை நீங்களே பார்த்திருப்பீங்க. அதனால் பிடிஎஃப்பை மூலப் பிரதியாக நம்பக் கூடாது. ஒருங்குறி மூலமும் இன்டிசைன் கோப்பும் எழுத்துருக்களும் ஒரே கோப்புறையில் நூலாசிரியர் கையில் இருக்க வேண்டும். வடிவமைப்புக் கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுவது நல்லது. பணம் கொடுத்த பிறகு கேட்டால், "பழைய சிஸ்டத்துல இருந்துச்சு, ஃபார்மட் பண்ணிட்டோம் சார்" என்பார்கள்.

அச்சகம் கர்வ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அட்டையை மட்டும் அப்படிக் கொடுக்கலாம். உள்பக்கங்களுக்கு ஒரு பக்கம் சோதனை அச்சு கேளுங்கள். ஸ்வஸ்தி ஸ்ரீயும் மாவும் காணியும் மூன்றும் வருகிற பக்கமாகப் பார்த்துக் கொடுங்கள்.