வெறுங்கால் பெருமை

1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போன நம் கால்பந்து அணியில் பலரும் வெறுங்கால். ஏன் என்று கேட்டதற்கு காப்டன் டாலிமெரன் ஆவ், 'நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்' என்றாராம். கை தட்டத் தோன்றுகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றோம். ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீண். சரி, அதற்குக் காலைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் 1952-ல் ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியா 10-1 என்று புரட்டி எடுத்தபின் ஜோக் எடுபடவில்லை. பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்னில் நான்காம் இடம்!

இன்னமும் அந்த ஜோக்கை ரசிப்பவர்கள் சாத்தூர் பக்கம் அச்சங்குளம் வரை போய்வரலாம். பட்டாசு ஆலைகளில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் மருந்து அறைக்குள் போவார்கள். உராய்ந்தால் பொறி. அங்கே வெறுங்கால் வீரமில்லை, பயம். அந்த ஜாக்கிரதையும் எப்போதும் போதாது: 2021 பிப்ரவரி 12 வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

ஆவ் சொன்னது அவருடைய ரோஷம், அதில் தப்பில்லை. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் புல்லரிக்கிறவர்களைக் கவனியுங்கள். எல்லோரும் பூட்ஸ் போட்டவர்கள்.