அறுபட்ட அறிவுச் சங்கிலி

எரிக் டெம்பிள் பெல் 1937ஆம் ஆண்டு வெளியிட்ட 'மென் ஆஃப் மேதமேடிக்ஸ்' கணித மேதைகளின் வாழ்வையும் கண்டுபிடிப்புகளையும் கூறும் நூல்களுள் பெரும்புகழ் பெற்றது. நோபல் பரிசாளர் ஜான் நாஷ், பள்ளிப் பருவத்தில் இதனைப் படித்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் நினைவுகூர்ந்துள்ளார். வறண்டதெனக் கருதப்படும் ஒரு கலையை உயிருள்ள மனிதர்களின் முயற்சியாகக் காட்டியது இந்நூலின் சிறப்பு. ஆயினும், ஹதீஸ் கலை பயின்றோர் எச்செய்தியிடத்தும் இரு வினாக்களை எழுப்புவர். அறிவிப்பாளர் தொடர் அறுபடாதுள்ளதா? அறிவிப்பு நம்பகமானதா? இவ்விரு உரைகற்களிலும் இந்நூலை உரைத்துப் பார்ப்பது தகும்.

முதலில் தொடர். இரண்டாம் அத்தியாயம் கி.மு. 212இல் மறைந்த ஆர்க்கிமிடீசுடன் முடிகிறது. மூன்றாவது, 1596இல் பிறந்த தெகார்த்தேயுடன் தொடங்குகிறது. இடைப்பட்ட ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளில் எவருக்கும் ஓர் அத்தியாயம் இல்லை. 628இல் பூஜ்யத்திற்கும் குறை எண்களுக்கும் விதி வகுத்த பிரம்மகுப்தர், மூன்றாம்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளால் தீர்த்த உமர் கய்யாம், முடிவிலாத் தொடர்களைக் கண்ட கேரளத்து மாதவர் ஆகியோர் இவ்விடைவெளியில் மறைந்துபோயினர்.

அல் குவாரிஸ்மியின் இழப்பு இவற்றுள் பெரிது. கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) அவர் எழுதிய 'அல் ஜப்ர் வல் முகாபலா'வின் புகழ்பெற்ற கணக்கு இது: ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதை 39உடன் கூட்ட 64. அதன் மூலம் 8. அதிலிருந்து 5ஐக் கழிக்க, விடை 3. விடையோடு நில்லாது, சதுரம் வரைந்து முறையையும் அவர் நிறுவினார். அந்நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளே. 1145இல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட அவ்வறிவின் வழித்தோன்றலே தெகார்த்தேயின் கணிதம்.

தனிமனிதப் புகழை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பெயரற்றோரின் அறிவும் மறையும். குவாரிஸ்மி வாழ்ந்த அதே காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800இல், பல்லவன் தந்திவர்மனின் ஆட்சியில், திருச்சிக்கு அருகே திருவெள்ளறையில் மாற்பிடுகு பெருங்கிணறு அமைக்கப்பட்டது. நாற்புறமும் இறங்கும் படிவழிகள் செங்கோணத்தில் மடங்கி ஸ்வஸ்திக வடிவு கொள்கின்றன. எடுப்பித்த கம்பன் அரையனின் பெயர் கல்வெட்டில் நிலைத்தது. கோணம் பிசகாது அளந்த தச்சர்களின் பெயர்களை வரலாறு பேணவில்லை.

அடுத்து, நம்பகம். இருபது வயதில் இறந்த கால்வா, துப்பாக்கிச் சண்டைக்கு முந்திய இரவில் தம் கோட்பாட்டையே எழுதித் தீர்த்தார் என்னும் எண்ணத்தைப் பெல்லின் நடை வாசகர் மனத்தில் பதிக்கிறது. உண்மையில் அதன் அடிப்படைகளை அவர் 1829 முதலே பாரிஸ் அறிவியல் கழகத்திற்கு அளித்துவந்தார். 1831 ஜனவரியிலும் கட்டுரை அளித்தார். 1832 மே 29 இரவில் எழுதியது நண்பருக்கு ஒரு கடிதமும், பழைய ஏடுகளில் சில திருத்தங்களுமே. கதை சுவையுறுவதற்காகப் பல்லாண்டு உழைப்பு ஓரிரவாகச் சுருங்கிற்று.

நம் மேடைகளும் இக்குறைக்கு விலக்கல்ல. பூஜ்யம் முஸ்லிம்களின் கொடை என்று முழங்குவோர் உளர். குவாரிஸ்மியோ இந்தியர்களின் எண்முறையை விளக்கவே தனி நூல் எழுதியவர். பெற்ற இடத்தை அவர் மறைக்கவில்லை. அவர் பெயரால் பெருமை கொள்வோர் மறைக்கின்றனர். பெல் தொடரை ஒரு முனையில் அறுத்தார். நாம் மறுமுனையில் அறுக்கிறோம். இரண்டும் அமானிதத்திற்கு மாறானவையே.

ஆகவே, தமிழில் கணித மேதைகளின் வரலாறு எழுத முற்படுவோர், ஒவ்வொருவரும் யாரிடமிருந்து பெற்றார், யாருக்கு அளித்தார் என்பதை அவரவர் வாழ்க்கையோடு சேர்த்தே எழுதுதல் வேண்டும். பாகப்பிரிவினைச் சட்டம் கற்பிக்கும் நம் அரபிக் கல்லூரிகளிலும், குவாரிஸ்மியின் வாரிசுரிமைக் கணக்குகளை மாணவர் தம் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பார்களாயின், அவரைப் பற்றிய பத்துச் சொற்பொழிவுகளினும் அது பயன் தரும்.