துருவோவின் விசுவாசம்

நெப்போலியனின் தளபதிகளில் ஆந்துவான் துருவோவைப் பழித்து எழுதியவர்கள் அரிது. நான்சி நகரில் ரொட்டிக்கடைக்காரர் மகனாகப் பிறந்து, கணித மேதை லாப்லாஸ் நடத்திய தேர்வில் தேறி, 1793-இல் பீரங்கிப்படைக்கு வந்தவர். 1813-இல் லைப்சிக்கில் தோற்றுத் திரும்பிய சேனையை ஹனாவில் பவேரியர்கள் மறித்தபோது, அவர் வரிசைப்படுத்திய பீரங்கிகள்தாம் ரைன் நதிக்கு வழி திறந்தன. பணத்துக்கும் பதவிக்கும் ஆசைப்படாத மனிதர். அவர் நல்லவர் என்பதற்காகவே அவருடைய விசுவாசத்தை எடைபோடாமல் விட்டுவிடுகிறோம். அது சரியல்ல.

1814-இல் முடியிழந்த நெப்போலியனோடு எல்பா தீவுக்குச் சென்று அதன் ஆளுநரானார் துருவோ. மறு ஆண்டு பிப்ரவரியில் பிரான்சுக்குத் திரும்பும் திட்டத்தை எதிர்த்தார். எதிர்த்துவிட்டு, கூடவே கப்பலேறினார். தானாகச் சரணடைந்து 1816-இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றபோது, அன்று தன் அரசர் எல்பாவின் நெப்போலியனே என்ற வாதம் அவரைக் காத்தது. சட்டப்படி அது வலுவான வாதம். முடிதுறந்தபோது செய்யப்பட்ட ஒப்பந்தமே நெப்போலியனை அத்தீவின் அரசராக ஏற்றிருந்தது. பிரான்சின் மன்னர் பதினெட்டாம் லூயியிடம் ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை மீறி நெப்போலியனோடு சேர்ந்த மார்ஷல் நே சுட்டுக் கொல்லப்பட்டார். துருவோ எந்த வாக்கையும் மீறவில்லை. ஆனால் கேடு விளையும் என்று கண்டவர், அந்தக் கேட்டுக்கே தன் திறமையைக் கொடுத்தார். வாட்டர்லூவில் விழுந்த ஆயிரக்கணக்கானோர்க்கு அவருடைய மறுப்பால் என்ன பயன்? தனியறையில் சொல்லி நிறுத்திக்கொண்ட மறுப்பு அவருடைய மனச்சாட்சியை மட்டுமே காத்தது. இந்தக் குற்றத்திலிருந்து அவரை என்னால் விடுவிக்க முடியவில்லை.

வாட்டர்லூ காலையில், மழையில் ஊறிய மண் காயட்டும், தாக்குதலைத் தள்ளிப்போடலாம் என்று அவர் சொன்னதை மட்டும் தோல்விக்குக் காரணமாக்குவது அநியாயம். சேற்றில் பீரங்கியை நகர்த்துவதும் கடினம், குண்டும் தெறித்துப் பாயாது; பீரங்கி வீரர் வேறெப்படிச் சொல்வார்? பிரஷ்யர் வந்து சேர அவகாசம் கிடைத்தது உண்மை. முடிவெடுத்தவர் நெப்போலியன்.

என் தீர்ப்பு அவர் பக்கம் சாய்வது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். எஞ்சிய மெய்க்காவல் படை அவர் பொறுப்பில் வந்தது. கசப்பும் ஆயுதமும் கையிலிருந்த அந்த வீரர்கள் நினைத்திருந்தால் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும். துருவோ அவர்களை லுவார் ஆற்றுக்குத் தெற்கே அழைத்துச் சென்று, படைக்கலைப்புக்கு அமைதியாக உடன்பட வைத்தார். இத்தனை ஆண்டுகள் பேரரசருக்காகச் சேர்த்த நம்பிக்கை முழுவதையும் அங்கே நாட்டுக்காகச் செலவிட்டார். எல்பாவில் கப்பலேறிய துருவோவைவிட லுவார் கரைத் துருவோவே பெரியவர். அவருடைய புகழை எழுதுபவர்களோ எல்பாவுக்குப் பல பக்கங்களும் லுவாருக்குச் சில வரிகளுமே ஒதுக்குகிறார்கள்.