முதலில் காலடி, பிறகு கம்பு

நம் சிலம்பக் கம்பாட்டத்தையும் மேல்நாட்டுப் பழைய வாளாட்டத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்து எழுதித் தரவேண்டும் என்று ஆண்டு விழா மலர்க்குழுவினர் கேட்டார்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்ட முடியவில்லை. நாகம் பதினாறு, கள்ளப்பத்து, துளுக்காணம், குறவஞ்சி என்று பிரிவு பிரிவாக விளக்கப் போவதில்லை. இந்த மலரைப் புரட்டுகிறவர்களுக்கு அவற்றின் குருவழி என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஐரோப்பாவின் கதை நமக்கு நேர் எதிர். அங்கே ஏடு பிழைத்தது; ஆசான் பரம்பரை அறுந்துபோனது. லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் காட்சியகத்தில் ஐ.33 என்று எண்ணிட்ட சுவடி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1300-ஐ ஒட்டியது. பாதிரியார் ஒருவர் சீடனுக்கு வாளும் சிறு கேடயமும் பழக்குகிற படங்கள். கடைசி ஏடுகளில் அவரோடு ஆடுபவள் வால்பூர்கிஸ் என்ற பெண். பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று ஒரு காலத்தில் வாதாடிய நம் அன்பர்கள் கவனிக்க. ஜெர்மனியின் லீக்டனாவர் தன் வித்தையை வெளியாளுக்கு விளங்காத செய்யுள்களில் ஒளித்து வைத்தார். பின்னால் வந்த சீடர்கள் உரை எழுதியிராவிட்டால் ஒன்றும் புரிந்திருக்காது. நம் வர்ம ஏடுகளின் பரிபாஷையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அங்கே தொடர்ச்சி விட்டுப்போன பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எகர்டன் காசில், ஆல்ஃபிரட் ஹட்டன் போன்றவர்கள் பழைய நூல்களைத் தேடிப் படித்து, கையில் வாளை எடுத்துச் சரிபார்த்தார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு அந்த முறைகளில் மோதிப் பார்க்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்துக் கற்றதுதானே என்று நாம் சிரிக்கலாம். ஆனால் ஒரு வீச்சு மெய்யா பொய்யா என்பதை எதிரில் ஆளை நிறுத்தித்தான் முடிவு செய்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான மேல்நாட்டு ஒல்லி வாள் வேறு வகை. ஒற்றைக் கை, பக்கவாட்டு உடம்பு, ஒரே கோட்டில் முன்னே பாய்ந்து பின்னே வருவது. 14, 15-ஆம் நூற்றாண்டின் நெடுவாளோ இரண்டு கையாலும் பிடிப்பது. வலது கால் முன்னே வந்தால் வலப்பக்க வெட்டு, இடது கால் வந்தால் இடப்பக்க வெட்டு. நம் அடிவரிசை தெரிந்தவர் அதைப் பார்த்தால் தன் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒல்லி வாளுக்கும் நமக்கும் உறவு தூரம்.

ஆனால் கோடம்பாக்கத்துக்கு வந்தது அந்த ஒல்லி வாள்தான். 1935-ல் வந்த ‘கேப்டன் பிளட்’ படத்தின் வாள் சண்டையை அமைத்தவர் ஃபிரெட் கேவன்ஸ். பெல்ஜியத்தில் வாள் பழகியவர். அந்தப் படத்தின் சாயலில் 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. அதற்கு வெகு முன்பே, 1948-ல், ‘சந்திரலேகா’வின் உச்சக்கட்டத்தில் ரஞ்சனும் எம்.கே.ராதாவும் ஆடியதை இன்றும் பேசுகிறோம். ரஞ்சன் வாள் பழகியவர் என்பது அவர் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். ஸ்டன்ட் சோமு, ஆர்.என்.நம்பியார், சியாம் சுந்தர் எனத் தொடங்கி வருகிற மாஸ்டர்களின் வரிசையை இங்கே எழுதினால் யாராவது ஒருவர் விடுபட்டு வருத்தம் வரும். நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வாத்தியார் கம்புக்களத்திலிருந்து சினிமா சண்டைப் பார்ட்டிக்குப் போனவர். பகலில் வடபழனிப் பக்கம் ஃபுளோரில் ஒல்லி வாள், மாலையில் எங்களுக்குக் கம்பு. “பாய்ந்தால் பின்னங்கால் அனாதையாக நிற்கிறது, பார்த்தியா? நம்ம சுவட்டில் எந்தக் காலும் அனாதை இல்லை” என்பார். சேர்ந்தவுடன் கம்பைத் தொட விடமாட்டார். வெறுங்கையோடு காலடிச் சுவடு, மறுபடி சுவடு. அலுத்துப்போய் ஓடியவர்கள் பலர். தேறியவனுக்கு நெற்றி உயரத்தில் கல்மூங்கில் கம்பு. அதன் முனையில் துணி சுற்றிச் சுண்ணாம்பு தொட்டு இருவரை இறக்கிவிடுவார். அதுதான் தொடுமுறை. யார் சட்டையில் வெள்ளைப் பொட்டு விழுந்ததோ அவன் மறுநாள் மறுபடி சுவட்டிலிருந்து தொடங்கவேண்டும். எம்.ஜி.ஆர். ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றால், எனக்கு வாத்தியார் என்றால் இவர்தான்.

இன்று சில இடங்களில் (எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லை, யாரையும் மனதில் வைத்தும் சொல்லவில்லை) தொடுமுறை அருகிவருகிறது. அலங்கார வீச்சே முழு ஆட்டமாகிவிட்டது. எடையில்லாத குச்சியைக் கொடுத்துக் குழந்தைகளை மின்விசிறியாக நிற்க வைக்கிறார்கள். மணிக்கணக்கில் நில்லாமல் சுற்றினால் சாதனையாம்; அதற்கு ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம், பெற்றோருக்கு ஒரு புகைப்படம். கால் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பானை மேல் நின்று சுற்று, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்று, ஆணிப்பலகையில் சுற்று! எதிராளி பானை மேல் ஏறி வருவானா? வணக்கம் செலுத்தும் சலாம் வரிசையையும் நேரமில்லை என்று பாதியில் வெட்டுகிறார்கள். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் நேரம் இருக்கிறது. ஆசான் என்ற பட்டமோ, பனியனில் அச்சடிக்கிற செலவோடு கிடைத்துவிடுகிறது. 1599-ல் ஜார்ஜ் சில்வர் என்ற இங்கிலாந்துக்காரர், இத்தாலிய ஒல்லி வாள் வாத்தியார்கள் வந்து நாட்டு வித்தையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு நூலே எழுதினார். எனக்கு மலரில் மூன்று பக்கம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றது நமக்கெல்லாம் பெருமை. அதே சமயம் நம் சென்னைப் பெண் பவானி தேவியையும் நினைக்கவேண்டும். சேபர் வாளோடு டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியர். 2023 ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கியவர். அங்கே கணக்குத் தொட்டதற்குத்தான். சுற்றிக் காட்டியதற்கு ஒரு புள்ளியும் கிடையாது.

ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலில் அலங்காரத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியைத் தொடுமுறைக்குத் தரும்படி செயற்குழுவுக்கு எழுத்து மூலமாகவே விண்ணப்பித்திருக்கிறேன். துணியும் சுண்ணாம்பும் என் செலவு.