தோல்விக்கு ஸ்டெப் மார்க் உண்டா?

2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை. நான் அமெரிக்கா போய் இறங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆன் ஆர்பரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டில் நாங்கள் நான்கு பேர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல் வீட்டிலிருந்து யாரோ சுவரில் குத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே பார்க்கிங்கில் ஒருவர் கார் ரேடியோவை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"மிச்சிகன் தோத்துருச்சு போலடா" என்றார் எங்களுக்கு இரண்டு வருடம் சீனியரான அண்ணன்.

"யார்கிட்டண்ணே?"

"அப்பலாச்சியன் ஸ்டேட்டாம்."

"அது எங்க இருக்கு?"

"அதத்தான் ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு."

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அது எப்பேர்ப்பட்ட தோல்வி என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. மிச்சிகன் அப்போது தேசியத் தரவரிசையில் 5ஆம் இடம். அப்பலாச்சியன் ஸ்டேட் வட கரோலினா மலைப்பகுதியில் பூன் என்ற சிற்றூரின் அணி. அப்போது ஒரு படி கீழே இருக்கும் பிரிவில் இருந்தது. அன்றைய விதிப்படி மேல் பிரிவு அணிகள் 85 பேருக்கு உதவித்தொகை தர முடிந்தது, கீழ்ப் பிரிவுக்கு 63தான். வந்து விளையாடிவிட்டுப் போக அவர்களுக்கு மிச்சிகன் கொடுத்த தொகை 4 லட்சம் டாலர். பருவத்தைத் தொடங்க ஒரு சுலபமான வெற்றி வேண்டும், அதற்கான விலை அது. ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த அந்த மைதானத்தில் ஆட்டம் 34-32 என்று முடிந்தது. வென்றது விலைக்கு வந்த அணி.

அடுத்த சில நாட்களில் எனக்கு அறிமுகமானது 'ரிப்போர்ட் கார்டு' என்ற எழுத்து வகை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அணியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏ, பி, சி, டி, எஃப் என்று மார்க் போடுவார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு ஒன்று, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு ஒன்று, முன்னால் நின்று முட்டுக்கொடுக்கும் லைனுக்கு ஒன்று, தடுப்பாட்டத்துக்கு, உதைக்கும் பிரிவுக்கு, கோச்சுக்கு என்று வரிசையாக. அந்த வாரம் நான் படித்த கார்டுகளில் கிட்டத்தட்ட எல்லாம் எஃப். வரிக்கு வரி எஃப். மேலிருந்து கீழே ஒரே மூச்சில் போட்டது மாதிரி இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆட்டத்தை ஒளிபரப்பியது இரண்டு நாட்களுக்கு முன்புதான் தொடங்கப்பட்ட பிக் டென் நெட்வொர்க். அந்தப் பகுதியின் பல வீடுகளில் கேபிளில் அந்தச் சேனலே வரவில்லை. ரேடியோவில் கேட்டவர்கள், ஸ்கோர் மட்டும் பார்த்தவர்கள், சுவரில் குத்தியவர்கள் எல்லாரும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நானும் அக்டோபரில் மார்க் போட ஆரம்பித்தேன். நான் படித்த கல்லூரியில் டீச்சிங் அசிஸ்டெண்ட் வேலை. சர்க்யூட் பாடத்தின் இடைத்தேர்வுத் தாள்கள். நாற்பது தாள், ஒரே ராத்திரி. ஒரு மாணவனுக்கு 20க்கு 2 போட்டேன். அவன் தாளைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, கோபமே இல்லாமல், "எந்த வரியில் தப்பு என்று மட்டும் காட்டுங்கள்" என்றான். பார்த்தேன். இரண்டாவது வரியில் ஒரு மைனஸ் குறி மாறியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க அவன் செய்தது எல்லாமே சரி. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. கடைசியில் கட்டம் போட்டிருந்த விடையைப் பார்த்தேன், தப்பு, 2.

ஸ்டெப் மார்க் இல்லையென்றால் நானே பிளஸ் டூ கணக்கில் பாஸாகியிருக்க மாட்டேன். 2ஐ அடித்து 17 என்று எழுதினேன். அந்தப் பாடத்தில் போனால் உதவித்தொகையும் போயிருக்கும் என்று அவன் பிறகுதான் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அந்த ரிப்போர்ட் கார்டுகள் ஞாபகம் வந்தன. அவர்களும் கட்டத்துக்குள் இருந்த 34-32ஐ மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். பின்னால் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன், ஒரு முறையல்ல. வரி வரியாகத் திருத்தினால் என்ன வரும்?

மைக் ஹார்ட், ரன்னிங் பேக். 188 யார்டு, மூன்று டச்டவுன். நடுவில் தொடையில் அடிபட்டு வெளியே போய், திரும்பி வந்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லாதபோது 54 யார்டு ஓடி அணியை 32-31 என்று முன்னால் கொண்டுவந்தவர் அவர்தான். இதற்கு எஃப் போட்டால் நம் பேனாவில்தான் கோளாறு. ஏ.

லைன். இவர்களுக்குப் புள்ளிவிவரமே கிடையாது. லைன்மேன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் கேமரா அவரைக் காட்டாது, பிசகினால் மட்டும் காட்டும். ஹார்ட் ஓடிய 188 யார்டில் பாதி இவர்கள் திறந்துவிட்ட வழி. இடது ஓரத்தில் நின்ற ஜேக் லாங்கை அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுத்தார்கள். எஃப் வாங்கிய வகுப்பில் மாநிலத்திலேயே முதல் ரேங்க் மாணவன் உட்கார்ந்திருந்தான் என்று அர்த்தம். பி.

கோச் லாய்ட் கார். அதிகம் திட்டு வாங்கியது இவருடைய ஒரு முடிவுக்குத்தான். டச்டவுனுக்கு ஆறு புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஒன்று. உதைக்காமல் இன்னொரு முறை கோட்டைத் தாண்டினால் இரண்டு. கார் இரண்டு முறை இரண்டுக்கு முயன்றார், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இரண்டு முறையும் ஒன்றை எடுத்திருந்தால் மிச்சிகனுக்கு 34; எதிரணியின் கடைசி உதை சமன் மட்டும்தான் செய்திருக்கும். கணக்கு சரிதான். ஆனால் முடிவெடுத்த நேரத்தில் நின்று பாருங்கள். முதல் முறை ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இரண்டு கிடைத்தால் வித்தியாசம் மூன்று, ஒரு ஃபீல்ட் கோலில் சமன் செய்துவிடலாம். ஆட்டத்தில் இன்னும் நேரம் இருந்ததே, என்ன அவசரம் என்று வேண்டுமானால் இதை வாதிடலாம். இரண்டாவது முறை வாதத்துக்கே இடமில்லை. ஒரு புள்ளி முன்னிலை. அதை இரண்டாக்கினாலும் மூன்று புள்ளி ஃபீல்ட் கோலில் தோற்பீர்கள்; மூன்றாக்கினால் சமன். கோச்சுகள் கையில் வைத்திருக்கும் அட்டவணையும் இதைத்தான் சொல்லும். வழி சரி, விடை தப்பு. இதற்குத்தானே ஸ்டெப் மார்க்.

இதுவரை படித்தவர்களுக்கு நான் தோற்றவர்களுக்காகக் கருணை மனு எழுதுகிறேன் என்று தோன்றும். இல்லை. வரி வரியாகத் திருத்துகிறவன் கட்டத்தை மட்டும் பார்க்கிறவனைவிடக் கண்டிப்பானவனாகவும் இருக்க வேண்டிவரும்.

தடுப்பாட்டத்தைப் பார்ப்போம். முதல் பாதியில் மட்டும் 28 புள்ளி கொடுத்தார்கள். எதிரணி குவார்ட்டர்பேக் ஆர்மான்டி எட்வர்ட்ஸ் எறியவும் செய்வார், ஓடவும் செய்வார். ஆட்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தி விளையாடும் 'ஸ்ப்ரெட்' முறை. யாரைப் பிடிப்பது என்றே மிச்சிகனுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் நடந்தால் கெட்ட நாள் என்று விடலாம். அடுத்த சனிக்கிழமை ஆரிகன் வந்தது. அதே மாதிரியான ஆட்டம், அதே மாதிரி ஓடும் குவார்ட்டர்பேக். 39-7. ஒரே தப்பை அடுத்த தாளிலும் செய்தால் அது கைப்பிசகு ஆகாது, பாடம் புரியவில்லை என்று அர்த்தம். டி. கோச்சின் மார்க்கும் இங்கேதான் குறைகிறது, அந்த இரண்டு புள்ளி விவகாரத்தில் இல்லை.

உதைக்கும் பிரிவு. கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் இரண்டு ஃபீல்ட் கோல் முயற்சி. இரண்டையும் தடுத்துவிட்டார்கள். இரண்டாவது, ஆறு விநாடி மிச்சமிருக்கும்போது, 37 யார்டு, போயிருந்தால் வெற்றி. அதற்கு முந்தைய பந்தில்தான் குவார்ட்டர்பேக் சாட் ஹென்னே 46 யார்டு எறிந்து அணியை அங்கே கொண்டுவந்திருந்தார். முதல் முறை உடைந்த சுவரை இரண்டாவது முறைக்குள் பூசியிருக்க வேண்டாமா? எஃப்தான்.

ஆனாலும் இந்த மார்க்குகளை நான் பென்சிலில்தான் எழுதுகிறேன். கோச்சுகள் ஞாயிற்றுக்கிழமை ஃபிலிமைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு பந்துக்கும் தனித்தனியாகப் பிளஸ், மைனஸ் போடுவார்கள். அவர்களுக்குக் கேள்வித்தாள் தெரியும். இந்தப் பந்தில் உனக்குக் கொடுத்த வேலை இது, செய்தாயா? நமக்குக் கேள்வி தெரியாது, விடைத்தாள் மட்டும்தான் தெரிகிறது. டச்டவுன் அடிப்பவன் பின்னால் கடைசியாக ஓடுகிறவனைத்தான் நாம் திட்டுவோம். அவன் வேறு யாரோ விட்ட ஆளைத் துரத்தி வந்தவனாக இருக்கலாம்.

கட்டத்தை மட்டும் பார்ப்பதில் இன்னொரு ஆபத்து, அந்த மார்க்கை நம்பி யாராவது காரியம் செய்துவிடுவார்கள். 2007 பருவம் முடிந்ததும் கார் ஓய்வுபெற்றார். கடைசி ஆட்டத்தில் அதே எஃப் அணி ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்று அவரை வழியனுப்பியது; அந்த ஆண்டின் ஹெய்ஸ்மன் விருது வென்ற டிம் டீபோ இருந்த ஃப்ளோரிடாவை. அவருடைய இடத்துக்கு வந்தவர் ரிச் ராட்ரிகஸ், ஸ்ப்ரெட் ஆட்டத்தின் பெரிய வாத்தியார். ஒரே ஒரு தோல்விதான் அவரைக் கூட்டிவந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோற்கடித்த மருந்தையே வாங்கிக் குடிப்போம் என்ற அவசரம் அதில் இருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஹென்னே, ஹார்ட், லாங் எல்லாம் போயாகிவிட்டது. மிச்சமிருந்த பையன்கள் வேறு ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்கள். 2008இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அந்த அணி அதுவரை ஒரே பருவத்தில் அவ்வளவு தோற்றதே இல்லை.

இருபது வயதுப் பையன்களுக்கு இப்படிப் பொதுவில் மார்க் போடுவதே தப்பு என்று அன்றைக்கு ஒரு கட்சி இருந்தது. அவர்களுக்கு உதவித்தொகை தவிரக் காசு கிடையாது என்பது அவர்கள் வாதம். 2021 முதல் வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025 முதல் கல்லூரிகளே வருமானத்தில் பங்கு தரலாம். அதனால் இனி தாராளமாகத் திட்டலாம் என்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டும் பக்கத்தைப் படிக்காமல் மார்க் போடலாமா?

கடைசியாக ஒன்று. அந்தக் கார்டுகளில் நான் எவ்வளவு தேடியும் கிடைக்காத ஒரு வரிசை இருந்தது: எதிரணி. 2005, 2006 இரண்டு வருடமும் தங்கள் பிரிவில் தேசிய சாம்பியன்கள் அவர்கள், 2007லும் வென்றார்கள். ஆட்ட நேரத்தை நிறுத்தும் உரிமை ஒன்றுகூட மிச்சமில்லாமல் 71 விநாடியில் மைதானத்தைக் கடந்து, 26 விநாடி இருக்கையில் வெற்றிப் புள்ளிகளை எடுத்தார்கள். கடைசி உதையைத் தடுத்தவர் பெயர் கோரி லிஞ்ச். மிச்சிகன் அந்த உதையைக் கோட்டை விட்டது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். ஓடி வந்து எகிறித் தடுத்த ஒருவன் அங்கே இருந்தான்.

அதுவரை ஏபி தரவரிசையில் கீழ்ப் பிரிவு அணிகளுக்கு ஓட்டுப் போட விதியே இல்லை. அந்த வாரம் விதியை மாற்றினார்கள். அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற பெயரை எழுத மார்க் ஷீட்டில் அப்போதுதான் ஒரு இடம் கிடைத்தது.